பெயரில் நிலைத்த பிழை

1892இல் பெர்லினில் ரிச்சர்ட் ஃபைஃபர், இன்ஃப்ளுயென்சா நோயாளிகளின் சளியில் கண்ட நுண்ணிய கோல் வடிவப் பாக்டீரியாவையே அந்நோயின் காரணி என அறிவித்தார். 1933இல் லண்டன் ஆய்வாளர்கள், ஃபெரெட் என்னும் கீரி போன்ற விலங்குகளைக் கொண்டு உண்மைக் காரணியான வைரஸைப் பிரித்துக் காட்டிய பின்னரும், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சே என்ற பெயரில் அப்பிழை நிலைத்துவிட்டது. ஹீமோஃபிலஸ் என்பதற்குக் குருதியை விரும்புவது என்று பொருள். சூடாக்கிய குருதி கலந்து சாக்லேட் நிறம் பெற்ற வளர்ப்பு ஊடகத்தில் அது பனித்துளி போன்ற சிறு புள்ளிகளாகத் திரளும்.

பெயர் பிழையாயினும் கிருமி கொடியதே. 1931இல் மார்கரெட் பிட்மன், உடலின் தற்காப்பு அணுக்களிடமிருந்து அதைக் காக்கும் சர்க்கரைப் படலமாகிய மேலுறையை ஆராய்ந்து, குழந்தைகளின் மூளையுறை அழற்சிக்குப் பெரும்பாலும் ‘பி’ வகையே காரணம் என்று நிறுவினார். பிற்காலத் தடுப்பூசி இக்கண்டுபிடிப்பின் மீதே எழுந்தது என்பது மிகையன்று. அதனை உள்ளடக்கிய ஐந்நோய்த் தடுப்பூசி, இந்திய அரசுத் திட்டத்தில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமே முதலில் அறிமுகமாயிற்று.