மகமையும் வங்கியும்: எளியோரின் பொருள் வலிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வாய்க்காலின் இரு கரைகள்

புதுச்சேரியின் பழைய நிலப்படங்களில் நகரம் இரு கூறாகப் பிரிந்து காணப்படுகிறது. நடுவே வடக்குத் தெற்காகப் பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, கடலோரமாக, வெள்ளையர் நகரம்; மேற்கே கறுப்பர் நகரம். இவை பிரெஞ்சியர் இட்ட பெயர்கள். 'கறுப்பர்' என்று அவர்கள் குறித்தது தமிழராகிய நம் முன்னோரையே. இவ்வுண்மையை நினைவிற்கொண்டால், அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்களுக்கென வங்கிகளையும் வணிகங்களையும் நிறுவிய வரலாறு நமக்கு முற்றிலும் அயலான செய்தியாகத் தோன்றாது.

1875ஆம் ஆண்டு பாரிசில் இந்தோசீன வங்கி நிறுவப்பட்டது. 1877இல் அதன் கிளை புதுச்சேரியில் திறக்கப்பட்டது. பிரெஞ்சிந்தியாவில் ரூபாய் நோட்டுகளை வெளியிடும் உரிமை அவ்வங்கிக்கு அளிக்கப்பட்டிருந்தது. அந்நோட்டுகளில் தமிழெழுத்தும் இடம்பெற்றது. ஆயினும் நோட்டில் தமிழ் இருந்ததால் வங்கி தமிழருடையதாகிவிடவில்லை. அதன் தலைமை பாரிசில் இருந்தது; அது பெருவணிகத்தையும் ஏற்றுமதியையும் நோக்கியே இயங்கியது. நெசவாளியும் மீனவரும் கூலியாளும் அவசரத்திற்கு நாடியது வட்டிக்கடையையும் அடகுக்கடையையுமே.

வங்கி என்பது பணத்தைப் பூட்டிவைக்கும் பெட்டியன்று. பலர் இட்ட வைப்புத்தொகையைத் திரட்டிச் சிலருக்குக் கடனாக அளிப்பதே அதன் தொழில். ஆதலின், பணம் யாருடையது என்ற வினாவோடு நின்றுவிடலாகாது. அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது, யாருக்குக் கடனாகச் செல்கிறது என்றும் கேட்கவேண்டும். எளியோரின் சேமிப்பு வலியோரின் தொழிலை வளர்த்து, அவ்வெளியோரோ அதிக வட்டிக்கு வெளியே கடன் வாங்கும் நிலை உலகில் பலவிடங்களில் இருந்திருக்கிறது. அதை மாற்ற முயன்றோரின் வரலாற்றிலிருந்து திருச்சபை கற்கவேண்டியது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மகமையிலிருந்து வங்கி வரை

தமிழகத்தில் இதற்குத் தெளிந்த எடுத்துக்காட்டு நாடார் சமுதாயத்தின் வரலாறு ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சமுதாயத்து வணிகர் வடக்கு நோக்கிச் சென்று சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் நிலைகொண்டனர். வண்டியும் மாடும் சரக்கும் பாதுகாப்பாகத் தங்குவதற்குப் பேட்டைகளை அமைத்தனர். பேட்டையின் செலவுக்காக ஒவ்வொரு வணிகரும் தம் வாணிபத்தின் அளவுக்கேற்பச் சிறுதொகை செலுத்தினார். அதுவே மகமை. அதை நிருவகித்தது ஊர்ப் பெரியோர் அடங்கிய உறவின்முறை. நாளடைவில் மகமைப் பணத்தால் கிணறுகளும் கோயில்களும் பள்ளிகளும் எழுந்தன. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை வீடுதோறும் திரட்டிய பிடியரிசியாலும் வளர்ந்தது. பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சரான காமராசர் அப்பள்ளியில் பயின்றவர். பிடியரிசிக் காணிக்கையை அறிந்த நம் சபையாருக்கு இதன் வலிமையை விளக்கவேண்டுவதில்லை.

இவ்வளர்ச்சி எதிர்ப்பின்றி நிகழவில்லை. கமுதிக் கோயிலில் நுழைந்தமைக்காக நாடார் மீது தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899 ஜூன் 6ஆம் நாள் சிவகாசி தாக்கப்பட்டது. நீதிமன்றத்தில் தோற்ற சமுதாயம் தன் கணக்கேட்டை மூடிவிடவில்லை. 1910இல், தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள பொறையாற்றில், இரத்தினசாமி நாடாரின் முயற்சியால் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. வங்கி ஒன்று வேண்டுமென்னும் எண்ணம் 1920இல் அச்சங்கத்தில் உருப்பெற்றது. 1921 மே 11ஆம் நாள் நாடார் வங்கி பதிவு செய்யப்பெற்று, அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள் தூத்துக்குடியில் பணி தொடங்கியது.

அக்காலத்தில் மக்கள் வங்கிகளை அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. 1906 அக்டோபரில் சென்னையின் ஆங்கிலேய நிறுவனமான அர்பத்நாட் வீழ்ந்தபோது எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பு அழிந்தது. அவ்வதிர்ச்சியின் விளைவாக, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால், 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அர்பத்நாட் வீழ்ந்த அதே மாதத்தில்தான் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பத்து இலட்சம் ரூபாய் மூலதனம், இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகள் நாற்பதாயிரமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1908இல் அவர் சிறைப்பட்டார். அவருடைய தோழர் பாரதியார் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. ஊக்கம் ஒரு நிறுவனத்தைத் தொடங்கும். அதை நிலைநிறுத்தப் பல்லாண்டுப் பழக்கம் வேண்டும். சுதேசிக் கம்பெனிக்கு அப்பழக்கம் உருவாகக் காலம் வாய்க்கவில்லை. அரசின் பகையும் போட்டிக் கம்பெனியின் வலிமையும் அதை விரைவில் வீழ்த்தின. நாடார் வங்கிக்கோ பல தலைமுறை மகமைக் கணக்கு அடித்தளமாக அமைந்திருந்தது.

1962இல் அவ்வங்கி தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாற்றம் பெற்று, சாதிப்பெயரை நீக்கிக்கொண்டது. 1990களில் அதன் பெரும்பான்மைப் பங்குகள் வெளியார் கைக்குச் சென்றபோது, அவற்றை மீட்கச் சமுதாயத்தார் நெடுநாள் போராடினர். 2022இல் அதன் பங்குகள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. ஒரு சமுதாயத்தின் நிறுவனம், அது வளர வளர, அச்சமுதாயத்தின் கையைவிட்டு நழுவவும் கூடும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பட்டறிவு

நாடார் வங்கி பதிவான அதே மே மாதத்தின் இறுதியில், அமெரிக்காவின் தல்சா நகரில், செழித்திருந்த கறுப்பின வணிகப் பகுதியான கிரீன்வுட் வெள்ளையர் கூட்டத்தால் எரித்து அழிக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டோரின் வறுமையைக் காட்டிலும் அவர்களுடைய செழிப்பே ஆதிக்கத்தாரைச் சினங்கொள்ளச் செய்கிறது என்பதற்குச் சிவகாசியும் தல்சாவும் சான்றுகள்.

அம்மக்களின் வங்கி வரலாறு ஒரு பெரும் இழப்போடு தொடங்கியது. 1865இல், அடிமைத்தளையினின்று விடுபட்டோருக்காக அமெரிக்கப் பாராளுமன்றம் ஒரு சேமிப்பு வங்கியை ஏற்படுத்தியது. அரசே அதற்குப் பொறுப்பு என்று மக்கள் நம்பினர். ஆயினும் அதன் நிருவாகம் வெள்ளையர் கையில் இருந்தது. வைப்புத்தொகை அவர்களுடைய நண்பர்களின் ஊக வணிகங்களுக்குக் கடனாகச் சென்றது. நிலைமை கைமீறிய பின்னரே, 1874இல், கறுப்பினத் தலைவரான பிரெடரிக் டக்ளஸ் அதன் தலைவராக அமர்த்தப்பட்டார். சில திங்களில் வங்கி மூடப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் சேமிப்பை இழந்தோ, அதன் ஒரு பகுதியை மட்டும் பெற்றோ வருந்தினர்.

இதன் பின்னர் அவர்கள் தாமே நிருவகிக்கும் வங்கிகளை நாடினர். முன்னாளில் அடிமையாயிருந்த மெதடிஸ்து போதகர் வில்லியம் வாஷிங்டன் பிரவுன் தலைமையில் இயங்கிய உதவிச் சங்கம் 1888இல் வங்கி நடத்த உரிமம் பெற்றது. அவ்வங்கி 1910இல் வீழ்ந்தது. அதே ரிச்மண்ட் நகரில், சலவைத் தொழிலாளியின் மகளான மேகி வாக்கர் 1903இல் ஒரு சிறுசேமிப்பு வங்கியை நிறுவினார். அது 1930ஐ ஒட்டிய பொருளாதார மந்தத்தில் வேறு கறுப்பின வங்கிகளோடு இணைந்து தப்பிப் பிழைத்தது. சங்க உணர்வு இரு வங்கிகளுக்கும் பொதுவாக இருந்தும் ஒன்று வீழ்ந்தது, ஒன்று நின்றது. உணர்வு மட்டும் வங்கியைக் காக்காது என்பது இதனால் பெறப்படும்.

1968 ஏப்ரல் 3ஆம் நாள் மாலை, மெம்பிஸ் நகரின் ஓர் ஆலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் தம் இறுதி உரையை ஆற்றினார். மறுநாள் அவர் சுடப்பட்டு இறந்ததால், அவ்வுரையின் முடிவில் அவர் கண்ட தரிசனத்தையே பலரும் நினைவுகூர்கின்றனர். அவ்வுரையின் நடுவில் அவர் கூறிய செய்தி நம் பிரசங்கங்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளருக்குத் துணைநிற்க வந்த அவர், நகரின் பெரிய வங்கிகளிலிருந்து பணத்தை எடுத்துக் கறுப்பின மக்களின் திரைஸ்டேட் வங்கியில் இடுமாறும், அவர்களுடைய காப்பீட்டு நிறுவனங்களில் சேருமாறும் மக்களை வேண்டினார். சமயக் கூட்டத்தில் வங்கிப் பெயரைச் சொல்வது அவருக்குத் தகாததாகத் தோன்றவில்லை. ஊதியத்தை உயர்த்தும் போராட்டமும் ஊதியம் சென்று சேரும் இடமும் ஒரே நீதியின் இரு பக்கங்கள் என அவர் கண்டார்.

திருச்சபையின் முயற்சிகள்

நம் திருச்சபையும் இத்துறையில் வெறுங்கையாய் இருந்ததில்லை. திருநெல்வேலியில் இரேனியுஸ் ஐயர் 1830இல் ஏற்படுத்திய தரும சங்கம், துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களைக் குடியேற்ற நிலம் வாங்கியது. நிலக்கிழாரின் மனையில் குடியிருப்பவன் தன் விசுவாசத்திற்காக எந்நாளும் வெளியேற்றப்படலாம் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்குப் பின், சேலத்தில் பிறந்த கே.டி. பால் இவ்வழியில் மேலும் சென்றார். தேசிய மிஷனரி சங்கத்திலும் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்திலும் தலைமைப் பொறுப்பு வகித்த அவர், சிற்றூர்க் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் கடனில் மூழ்கிய தாழ்த்தப்பட்ட மக்கள் என்பதைக் கண்டு, 1913 முதல் கூட்டுறவுக் கடன் சங்கங்களை அமைத்தார். அவற்றுக்குப் பணம் வழங்கச் சென்னையில் கிறிஸ்தவ மத்தியக் கூட்டுறவு வங்கி இயங்கியது. இம்முறையின் மூலவர் செருமானிய நாட்டுப் பக்தியுள்ள புரொட்டஸ்தாந்தரான இரைபைசன். ஒருவர் வாங்கிய கடனுக்கு அனைவரும் பொறுப்பேற்பது அவர் வகுத்த நெறி. நிலமில்லாதவனுக்கு அடகுவைக்க யாதுமில்லை. அயலார் அவன்மீது வைக்கும் நம்பிக்கையே அவனுக்கு ஈடு.

மகமையிலிருந்து இது வேறுபடும் இடம் கருதத்தக்கது. மகமை வணிகம் உடையோரிடமிருந்து எழுந்தது. ஓரளவு பொருள் இருந்தோரே அதைத் திரட்டினர். சேரிகளில் வாழ்ந்த கூலியாளுக்கு மகமை செலுத்தச் சரக்கு இல்லை; அவனைச் சேர்த்துக்கொள்ளும் உறவின்முறையும் இல்லை. சமுதாய வங்கி, சமுதாயத்தின் எல்லைக்கு வெளியே நிற்பவனுக்குக் கதவு திறக்குமா என்ற வினா அன்றே எழுந்தது, இன்றும் தீரவில்லை.

1904ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது. பிரெஞ்சு எல்லைக்குள் செல்லவில்லை. புதுச்சேரித் தொழிலாளர் வேறு வழியில் தம் வலிமையைக் கண்டனர். 1936 சூலை 30ஆம் நாள் ஆலைத் தொழிலாளர் மீது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் மாண்டனர். அடுத்த ஆண்டில் எட்டுமணி நேர வேலை சட்டமாயிற்று. ஆயினும் அவ்வுரிமை பெற்ற ஆலைகளே பிற்காலத்தில் நலிந்து, 2020இல் மூடப்பட்டன. வேலை போனபின் குடும்பத்தைத் தாங்குவது சேமிப்பே. அது இல்லாதவிடத்துக் கடனே.

இன்றைய கடமை

இன்று இந்நகரத்துத் தெருக்களில் வாரத்தவணைக்குக் கடன் தரும் நிறுவனத்தார் வீடுவீடாகச் செல்கின்றனர். சீட்டுப் பிடித்து ஏமாற்றப்பட்டோரின் கண்ணீரையும் ஆயர்கள் அறிவர். மற்றொருபுறம், 1992இல் தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டத்தின் வழியாக மகளிர் சுயஉதவிக் குழுக்கள், கே.டி. பால் நாடிய அதே நெறியை, அயலாரின் நம்பிக்கையே ஈடு என்னும் நெறியை, நடைமுறையில் மெய்ப்பித்து வருகின்றன.

திருமறையில் இதற்கு வழிகாட்டல் உண்டு. நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தில், மக்கள் தானியத்திற்காகத் தம் வயல்களையும் வீடுகளையும் அடகு வைத்ததாக முறையிடுகின்றனர். நெகேமியா அவர்களுக்கு ஆறுதல் மட்டும் கூறி அனுப்பவில்லை. சபையைக் கூட்டி, அடகுகளைத் திருப்பித் தரச்செய்தார். இரண்டு கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் பவுல் காணிக்கையின் நோக்கம் சமநிலையே என்கிறார். அதே அதிகாரத்தில், தம்மேல் குற்றம் சாராதபடி, அப்பணத்தைக் கொண்டுசெல்ல வேறு சகோதரரையும் உடன் அனுப்புகிறார். சமநிலையும் தணிக்கையும் அங்கே ஒரே மூச்சில் பேசப்படுகின்றன.

வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவும் அதுவே. எளியோரின் சிறுதொகை வலிமையாக மாற மூன்று வேண்டும். முதலாவது, அது சிதறாமல் ஒன்றுசேர்தல். இதை மகமை கற்பித்தது. இரண்டாவது, கணக்கு இட்டவர்களின் கண்முன் இருத்தல். இதை 1874ஆம் ஆண்டு வீழ்ச்சி கற்பித்தது. மூன்றாவது, வாசல் சாதியால் அடைபடாதிருத்தல். இம்மூன்றாவதைத் திருச்சபையே உலகிற்குக் கற்பித்திருக்க வேண்டும். நம் சபைகளிலேயே சாதி நிலவுவதால், அதை நாம் இன்னும் கற்கவேண்டியவர்களாய் இருக்கிறோம்.

ஆகவே குருத்துவப் பணிக்கு ஆயத்தமாகும் மாணவர் ஒவ்வொருவரும் தாம் செல்லும் சேகரத்தில் சில வினாக்களைக் கேட்பாராக. சேகரத்தின் வைப்புநிதி எங்கே உள்ளது? அதே சபையின் விதவை அவசரத்திற்கு எங்கே, எவ்வளவு வட்டிக்குக் கடன் வாங்குகிறாள்? இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை யார் குறைப்பது? ஆயரே கடன் கொடுப்பவராகவும் வசூலிப்பவராகவும் ஆகவேண்டுவதில்லை. ஆனால் மேய்ப்புப் பணி கெடும். கூட்டுறவுச் சங்கமும் மகளிர் குழுவும் முறைப்படி பதிவுபெற்று, தம் கணக்கை ஆண்டுதோறும் சபையார் அனைவரும் கேட்க வாசிக்கும்படி ஊக்குவித்தல் அவர் கடமை. அக்கணக்கில், சபையின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரின் பெயர் கடனாளியாக மட்டுமன்றி, பங்குதாரராகவும் நிருவாகியாகவும் இடம்பெறும் நாளில், வாய்க்காலின் இரு கரைகளும் ஒன்றாகத் தொடங்கிவிட்டன எனலாம்.