பாண் என்னும் சொல்லின் பயணம்

இத்தாலிய விருந்துகளில் உணவுக்கு முன் பரிமாறப்படும் ‘புருஸ்கெற்றா’ இன்று நாகரிகச் சிற்றுண்டி. அதன் பெயரோ, உரோமை வட்டாரப் பேச்சுமொழியில் ‘தணலில் வாட்டுதல்’ என்னும் பொருள்தரும் வினையிலிருந்து பிறந்தது. காய்ந்த ரொட்டியை வாட்டி, உள்ளியைத் தேய்த்து, ஒலிவ எண்ணெய் ஊற்றி உண்ட உழைப்பாளரின் உணவு அது. மாளிகை மேசைக்கு ஏறிய பின்னரும் அடுப்படியின் நினைவை அப்பெயர் இழக்கவில்லை.

நம் புத்தளக் கரையிலும் அத்தகைய சொல் ஒன்றுண்டு. கற்பிட்டி மீன்வாடிகளில் காலைப் பசியாற்றும் பாணே அது. தமிழ்நாட்டார் ரொட்டி என்பதை நாம் பாண் என்கிறோம். போர்த்துக்கேயர் தந்த இச்சொல்லின் மூலம் ‘பானிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லாகும். இத்தாலியரின் ‘பானே’யும் அதன் வழிவந்ததே. பாண் வேகும் போறணையும் ‘போர்னோ’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபேயாம்.

1505இல் இங்கு வந்த போர்த்துக்கேயர் 1658இல் இலங்கையை இழந்தனர். கற்பிட்டியில் 1667 முதல் 1676 வரை ஒல்லாந்தர் கோட்டை எழுப்பினர். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் ஆண்டனர். கொடிகள் மாறின, பாண் மாறவில்லை. ஆள்வோரின் ஆணையால் அன்று, உண்போரின் நாவினாலேயே சொல் வாழ்கிறது.

எனினும், அம்மொழி வந்த பாதையில் விலங்கொலியும் கேட்கிறது. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவரப்பட்டோரின் சந்ததியினர் அவர்கள். தாய்நாட்டைப் பறிகொடுத்த அம்மக்கள், போர்த்துக்கேயக் கலப்பு மொழியை இன்றும் தம் ‘மஞ்ஞா’ப் பாடல்களிலே பேணி வருகின்றனர். கப்பல்கள் மட்டுமா மொழியைச் சுமந்தன? மனிதத் தோள்களும் சுமந்தன.

பாணை ‘வெதுப்பி’ என மாற்ற விழைவோர் உளர். அவர்தம் மொழிப்பற்றை நாம் குறைகூறோம். ஆயின், இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே பெயரால் அழைக்கும் உணவு இது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அதன் விலை ஏறியபோது, மூவினத்து ஏழைகளின் வயிறும் ஒருங்கே காய்ந்தது. பொதுச் சொல்லுக்குப் பின்னே பொதுப் பசி ஒன்றிருக்கிறது. அதை அகராதியைத் திருத்தி ஆற்றிவிட முடியாது.