டர்போவும் சூப்பரும்: ஒரு கரும்புகையின் வரலாறு

நாகர்கோவில் ஜங்ஷனில் ரயில் கிளம்பும்போது டீசல் இஞ்சின் குபுகுபுவென்று கக்கிய கரும்புகையை மூத்த செட்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1979-ல் திருவனந்தபுரம் பாதையும் 1981-ல் திருநெல்வேலி பாதையும் திறந்த பிறகு, இராஜாக்கமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் கோட்டாறுக்கு பஸ் பிடித்து வந்து, வேலை தேடி ரயிலேறியது அந்தப் புகைக்குப் பின்னால்தான். "இஞ்சின் பழசுடே, அதான் புகையுது" என்பது பொதுப்பேச்சு. ஆனால் புதிய இஞ்சினும் அப்படித்தான் புகைத்தது. காரணம் டர்போசார்ஜர்.

விஷயம் எளிது. டீசலைக் கூட்டி எரிக்க வேண்டுமென்றால் காற்றும் கூட வேண்டும். சிலிண்டரைப் பெரிதாக்காமல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால் பவர் கூடும். தள்ளுகிற விசிறியைச் சுற்றுவது யார் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

சூப்பர்சார்ஜர் மூத்தது. அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காற்று ஊதும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அது உலைக்கு ஊதப் பயன்பட்டது. இஞ்சினுக்கே காற்றை அழுத்தித் தரும் யோசனைக்கு ஜெர்மனியின் டைம்லர் 1885-ல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் இஞ்சினிலும் இதுதான். கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட்டோ பல்சக்கரமோ சுற்றும். மிதித்த உடனே காற்று வரும். ஆனால் சுற்றுவதற்கு இஞ்சினே தன் பவரில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும்.

வெளியே போகிற சூடான புகையில் இவ்வளவு சக்தி வீணாகிறதே என்று யோசித்தவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பூஷி. 1905-ல் காப்புரிமை பெற்றார். பலன் தெரிய இருபது வருஷம் ஆனது. 1925-ல் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் இஞ்சின்கள் 1,750 குதிரைசக்தியிலிருந்து 2,500-க்கு ஏறின. புகையே விசிறியைச் சுற்றியது.

நம் நாட்டுக்கு 1962-ல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி தந்த டபிள்யூ.டி.எம்.-2 ரயில் இஞ்சின் இந்த வகைதான்: 16 சிலிண்டர், 2,600 குதிரைசக்தி. 1964 முதல் வாரணாசியில் செய்தார்கள். டிரைவர் திராட்டிலைத் திறந்ததும் டீசல் உடனே கூடும். ஆனால் புகை பலப்பட்டு டர்போ வேகமெடுக்கச் சில வினாடிகள் ஆகும். அதுவரை காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரியும். நாம் பார்த்த கரும்புகை அந்தத் தாமதம்தான்!

1999-ல் வந்த டபிள்யூ.டி.ஜி.-4 இஞ்சினில் இதற்கு அழகான வழி இருந்தது. அது டூ-ஸ்ட்ரோக், ஆரம்பத்திலிருந்தே காற்றை யாராவது ஊத வேண்டும். எனவே தொடக்கத்தில் பல்சக்கரம் டர்போவைச் சுற்றும். புகைக்குப் பலம் வந்ததும் கிளட்ச் தானாக விலக, புகையே மீதி வேலையைப் பார்க்கும். முதலில் சூப்பர், பிறகு டர்போ!

தம்பி தங்கைகளே, பரீட்சையில் வித்தியாசம் கேட்டால் 'பெல்ட், புகை' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடாதீர்கள். ஒன்று பவரை விலையாகக் கேட்கிறது. மற்றது நேரத்தைக் கேட்கிறது. ஓசியில் எதுவும் கிடைக்காது. எந்த விலையைக் கொடுக்கலாம் என்று வேலையைப் பார்த்து முடிவு செய்வதுதான் இஞ்சினியர் தொழில்.