சொந்த வண்டி, சொந்தத் தொழில்: கடனும் வரியும் குறித்து அறிய வேண்டியவை

இராஜபாளையத்தின் நூற்பாலைகள், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணி உற்பத்தி, ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா வணிகம் ஆகிய அனைத்தும் சிறு சரக்கு வண்டிகளை நம்பியே நடக்கின்றன. அவ்வண்டிகளை ஓட்டுவோரில் நம் இளைஞர்கள் பலர் உள்ளனர். ஓட்டுநர் உரிமையாளராக மாறுவதற்குத் திறமை தடையாக இருப்பதில்லை. நிலமற்ற குடும்பத்தால் வங்கியில் காட்ட இயலாத பிணையே தடையாக நிற்கிறது. ஆகவே கடன், வரி ஆகியவற்றின் விதிகளை அறிவது நமக்கு உரிமை சார்ந்த பணியாகும்.

கடன் வழிகள்

தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு மட்டும் உரியது. உற்பத்தி, வணிகம், சேவை ஆகிய மூன்றும் இதில் அடங்கும். திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, அதிகபட்சமாக 1.5 கோடி ரூபாய், மூலதன மானியமாகவும், 6 விழுக்காடு வட்டி மானியமாகவும் கிடைக்கும். 7 லட்சம் ரூபாய்த் திட்டத்திற்கு மானியம் 2.45 லட்சம், வங்கிக் கடன் 4.55 லட்சம். விண்ணப்பத்தை மாவட்டத் தொழில் மையம் கையாள்கிறது. இதைத் தவிர, தாட்கோ வழங்கும் மானியக் கடன்களும், 2015இல் தொடங்கிய முத்ரா கடனும் உள்ளன.

குறு, சிறு தொழில்களுக்கான 20 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகள் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பிணை இல்லை என்று கூறி விண்ணப்பத்தைத் திருப்பினால், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

வட்டியின் கணக்கு

மானியத்திற்குக் காத்திருக்க இயலாதோர் தனியார் நிதி நிறுவனங்களை நாடுகின்றனர். அங்கே சொல்லப்படும் வட்டி பெரும்பாலும் நிலை வட்டியாக இருக்கும். 5 லட்சம் ரூபாயை 5 ஆண்டுகளுக்கு 10 விழுக்காடு நிலை வட்டியில் பெற்றால் மாதத் தவணை 12,500 ரூபாய். மொத்த வட்டி 2.5 லட்சம். அதே 10 விழுக்காடு குறையும் நிலுவைக்குக் கணக்கிடப்பட்டால் தவணை ஏறத்தாழ 10,624 ரூபாய். மொத்த வட்டி 1.37 லட்சம். அதாவது, 10 விழுக்காடு நிலை வட்டி என்பது உண்மையில் 17 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட வட்டியாகும். உண்மையான ஆண்டு வட்டியையும் எல்லாக் கட்டணங்களையும் காட்டும் முக்கிய விவர அறிக்கையை அளிப்பது 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயம். அதைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது.

தவணை தவறினாலும் அடியாட்களை அனுப்பி வண்டியைப் பறிக்க இயலாது என்று பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இல் தெளிவாக்கியது.

வரியின் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துள்ளது. மொத்த எடை 3,000 கிலோவிற்கு மிகாத சரக்கு வண்டிக்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிகளை இலகுரக வாகன உரிமத்துடனேயே ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்தது.

வாடகைக்குச் சரக்கு ஏற்றுவோர் 10 வண்டிகளுக்கு மிகாமல் வைத்திருந்தால், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44 ஏஇ பிரிவு ஊக வருமான முறையை அனுமதித்தது. சிறு வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய், ஆண்டுக்கு 90,000 ரூபாய் வருமானமாகக் கொள்ளப்படும், கணக்கேடு தேவையில்லை. ஆனால் தேய்மானத்தைத் தனியே கழிக்க இயலாது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் ஊக வருமான முறை தொடர்கிறது. வேறு பெரிய வருமானம் இல்லாதவருக்கு வரி வராது. எனினும் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்வது நன்று. அடுத்த கடனுக்கு அதுவே சான்று.

தம் சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றும் வணிகருக்கு இம்முறை பொருந்தாது. முறையாகக் கணக்கேடு வைப்பவராயின் அவர் கடன் வட்டியையும், ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானத்தையும் கழிக்கலாம். மானியத் தொகையை விலையிலிருந்து நீக்கிய பிறகே தேய்மானம் கணக்கிடப்படும்.

பெயரைக் கடன் கொடுக்காதீர்

மானியத்திற்காக நம் சாதிச் சான்றிதழைக் கொண்டு வேறொருவர் வண்டி வாங்க முன்வருவது உண்டு. சில ஆயிரம் ரூபாய்க்காக இதற்கு இசைவது பேராபத்து. கடன் நம் பெயரில் இருக்கும்; வருமானம் அவருக்குப் போகும். விபத்து நேர்ந்தால், பதிவுச் சான்றில் பெயருள்ளவரே உரிமையாளர் என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. காப்பீடு இல்லையெனில் இழப்பீடு அவர் தலையில் விழும்.

தோழர்களும் மாணவர்களும் தம் குடியிருப்புகளில் மாதம் ஒருநாள் அமர்ந்து, விண்ணப்பம் நிரப்பவும் தவணைக் கணக்கைச் சரிபார்க்கவும் உதவினால், திட்டத்தின் பயன் உரியவர் கைக்குச் சேரும்.