நியூயார்க் யாட் கழகத்தின் வரலாறு

நியூயார்க் யாட் கழகம் அமெரிக்காவின் பழைமையான பாய்மரப் படகுக் கழகங்களுள் ஒன்று. 1844ஆம் ஆண்டு ஒன்பது பேரால் தொடங்கப்பட்டது. 'அமெரிக்கா கோப்பை' என்னும் பன்னாட்டுப் பாய்மரப் படகுப் போட்டியின் பரிசை 1983 வரை எவரிடமும் தோற்காமல் காத்து வந்ததால் உலகப் புகழ் பெற்றது. இக்கழகத்தின் வளர்ச்சியை அறிவது ஒரு விளையாட்டின் விதிகள் எப்படி உருவாகின்றன, அவற்றை யார் உருவாக்குகிறார்கள் என்பதை அறிவதும் ஆகும்.

பெயர் விளக்கம்

'யாட்' என்பது டச்சு மொழியிலிருந்து வந்த சொல். அம்மொழியில் அதன் மூலச் சொல்லுக்கு வேட்டை என்று பொருள். விரைந்து சென்று துரத்தும் சிறு கப்பல்களுக்கு முதலில் இப்பெயர் வழங்கியது. பின்னர் வணிகத்திற்கோ மீன்பிடிப்பிற்கோ அல்லாமல், இன்பப் பயணத்திற்கும் பந்தயத்திற்கும் உரிய படகுகளுக்கு நிலைத்தது.

தொடக்கம்

1844 ஜூலை 30 அன்று நியூயார்க் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த 'கிம்க்ராக்' என்ற படகில் கழகம் பிறந்தது. படகின் உரிமையாளர் ஜான் காக்ஸ் ஸ்டீவன்ஸ் முதல் தலைவரானார். கடற்படை வழக்கப்படி அப்பதவிக்குக் 'கமடோர்' என்று பெயர். அவருடைய குடும்பம் நீராவிப் படகுத் தொழிலில் பொருள் ஈட்டிய குடும்பம். ஹட்சன் ஆற்றின் மறுகரையில் உள்ள ஹொபோக்கனில் இருந்த அவர்களது நிலத்தில், 1845இல் மரத்தாலான முதல் கழக மனை எழுந்தது. அந்தச் சிறு கட்டடம் பல முறை இடம் மாறி, இன்று நியூபோர்ட் நகரில் நிற்கிறது. 1845 ஜூலையில் முதல் பந்தயம் நடைபெற்றது. ஒன்பது படகுகள் கலந்துகொண்டன.

'அமெரிக்கா' என்ற படகு

1851இல் லண்டனில் பெரும் தொழிற்கண்காட்சி நடந்தது. அமெரிக்கரின் படகு கட்டும் திறனை அங்கே காட்ட வேண்டும் என்று ஸ்டீவன்ஸும் அவருடைய கூட்டாளிகள் ஐவரும் விரும்பினர். ஜார்ஜ் ஸ்டீர்ஸ் வடிவமைத்த 'அமெரிக்கா' என்ற இரட்டைப் பாய்மரப் படகு அட்லாண்டிக் கடலைக் கடந்து சென்றது. ஆகஸ்ட் 22 அன்று வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் பிரிட்டிஷ் படகுகளை வென்று ஒரு வெள்ளிக் கோப்பையைப் பெற்றது. கைப்பிடியுடன் கூடிய கூஜா போன்ற அக்கோப்பைக்கு அடிப்பாகம் கிடையாது. அதில் தண்ணீர் கூட ஊற்ற முடியாது.

படகை இங்கிலாந்திலேயே விற்றுவிட்டு, கோப்பையுடன் உரிமையாளர்கள் ஊர் திரும்பினர். 1857இல் அதைக் கழகத்திடம் ஒப்படைத்தனர். நாடுகளுக்கு இடையே நட்புப் போட்டி நடப்பதற்கான நிரந்தரக் கோப்பையாக அது இருக்க வேண்டும் என்று கொடைப் பத்திரத்தில் எழுதினர். கோப்பைக்குப் பெயர் வந்தது நாட்டினால் அன்று, வென்ற படகினால்.

விதிகளும் வழக்குகளும்

கோப்பையை வைத்திருப்பதும் கழகம், போட்டி நடத்துவதும் கழகம், பந்தயக் குழுவும் கழகத்தினுடையது. ஆட்டக்காரரே நடுவராகவும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு அடுத்த நூறாண்டு வரலாறு நல்ல பாடம்.

1870இல் முதன்முதலாக அறைகூவல் விடுத்தவர் ஜேம்ஸ் ஆஷ்பரி என்ற ஆங்கிலேயர். அவருடைய 'கேம்ப்ரியா' என்ற ஒரே படகை எதிர்த்துக் கழகம் தன் படகுக் கூட்டத்தையே இறக்கியது. 1851இல் 'அமெரிக்கா'வும் தனியாகத்தானே போட்டியிட்டது என்பது கழகத்தின் வாதம். 'மேஜிக்' என்ற கழகப் படகு வென்றது. மறு ஆண்டு ஆஷ்பரி மீண்டும் வந்தார். கோப்பையைக் கொடையளித்தவர்களுள் ஒருவரான ஜார்ஜ் ஸ்கைலர், போட்டி என்றால் ஒருவருக்கு ஒருவர்தான் என்று விளக்கம் தந்தார். ஆனால் அன்றன்று வீசும் காற்றைப் பார்த்து, நான்கு படகுகளில் பொருத்தமானதை இறக்கும் உரிமையைக் கழகம் தனக்கென வைத்துக்கொண்டது. ஆஷ்பரி மனக்கசப்புடன் ஊர் திரும்பினார். 1876இல்தான் ஒரு படகுக்கு எதிராக ஒரே படகு என்ற நிலை வந்தது.

1882இல் பத்திரம் திருத்தப்பட்டபோது வேறொரு நிபந்தனை சேர்ந்தது. போட்டியிட வரும் படகு தானே பாய் விரித்துக் கடலைக் கடந்து வர வேண்டும். பெருங்கடலின் அலையைத் தாங்க அப்படகு கனமாகக் கட்டப்பட வேண்டியிருந்தது. உள்ளூர்ப் படகுக்கு அந்தச் சுமை இல்லை. இந்த நிபந்தனை 1956இல் நீதிமன்ற அனுமதியுடன் நீக்கப்பட்டது.

குற்றச்சாட்டு எல்லாமே உண்மையாகவும் இருந்துவிடவில்லை. 1895இல் டன்ரேவன் பிரபு, எதிர்ப் படகில் இரகசியமாகப் பாரம் ஏற்றப்பட்டதாகக் கூறினார். விசாரணையில் அது நிலைநாட்டப்படவில்லை. அவருடைய கௌரவ உறுப்பினர் தகுதி பறிக்கப்பட்டது.

செல்வமும் வளர்ச்சியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்கி, இரயில்வே, எஃகுத் தொழில் அதிபர்கள் உறுப்பினர்களாயினர். 1894இல் லூசி கார்னகி முதல் பெண் உறுப்பினரானார். வங்கியாளர் ஜே. பி. மார்கன் நன்கொடையாக அளித்த நிலத்தில், மன்ஹாட்டனின் 44ஆம் தெருவில் இன்றைய மனை 1901இல் திறக்கப்பட்டது. அதன் சன்னல்கள் பழங்காலக் கப்பலின் பின்புறம் போலச் செதுக்கப்பட்டவை. 1903இல் கழகத்திற்காக நாத்தனியேல் ஹெரஷாஃப் வடிவமைத்த 'ரிலையன்ஸ்', கோப்பைக்காகப் போட்டியிட்ட மிகப் பெரிய படகுகளுள் ஒன்று.

இக்காலத்தில் தமிழர் அறிய வேண்டிய பெயர் ஒன்று உண்டு. தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன் 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஐந்து முறை 'ஷாம்ராக்' என்ற பெயருடைய படகுகளுடன் போட்டியிட்டார். 1920இல் முதல் இரு ஓட்டங்களை வென்றும், அடுத்த மூன்றில் தோற்றார். மளிகைக் கடைக்காரராக வாழ்வைத் தொடங்கிய அவரை இங்கிலாந்தின் உயர்குடிப் படகுக் கழகம் நெடுங்காலம் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே அயர்லாந்தின் ராயல் அல்ஸ்டர் கழகத்தின் பெயரிலேயே அவர் வந்தார். தோல்வியைச் சிரித்த முகத்துடன் ஏற்றதால், அமெரிக்க மக்கள் பணம் திரட்டி அவருக்குத் தங்கக் கோப்பை ஒன்றைப் பரிசளித்தனர்.

லிப்டன் 1890 முதல் இலங்கையின் ஊவாப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களை வாங்கியவர். அங்கே கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற குடும்பத்தினர். படங்களில் அந்த வெண்ணிறப் பாய்களைக் காணும்போது, அவற்றை விரித்த செல்வத்தில் மலையகத் தமிழரின் உழைப்பும் சேர்ந்திருந்தது என்பதை மறக்கக் கூடாது. போட்டி வரலாறுகளில் அவர்கள் இடம்பெறுவதில்லை.

1983: கோப்பை கைமாறியது

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1958 முதல் சிறிய '12 மீட்டர்' வகைப் படகுகளில் போட்டி நடந்தது. 1962இல் ஆஸ்திரேலியர் களம் இறங்கினர். 1970இல் ஓர் ஓட்டத்தில் முதலில் வந்த ஆஸ்திரேலியப் படகை, மோதலைக் காரணம் காட்டிக் கழகத்தின் குழு தகுதி நீக்கம் செய்தது. பழைய கேள்வி மீண்டும் எழுந்தது.

1983இல் 'ஆஸ்திரேலியா 2' வந்தது. அதன் அடிக்கட்டையில் பென் லெக்ஸன் இரு சிறகுகளைப் பொருத்தியிருந்தார். அது விதிக்குப் புறம்பானது என்று கழகம் காட்ட முயன்றது, முடியவில்லை. ஏழு ஓட்டங்களில் டெனிஸ் கானரின் 'லிபர்ட்டி' 3-1 என முன்னிலை பெற்றது. பின்னர் ஆஸ்திரேலியா அடுத்த மூன்றையும் வென்றது. செப்டம்பர் 26 அன்று, 132 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை கைமாறியது. கழக மனையில் திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருந்த அதைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பிற்காலம்

1987இல் கானர் கோப்பையை மீட்டார். ஆனால் அப்போது அவர் சான் டியேகோ கழகத்தின் சார்பில் ஆடினார். நியூயார்க் கழகத்திற்கு அது இன்றுவரை திரும்பவில்லை. எனினும் கழகம் தளரவில்லை. நியூபோர்ட்டில் 'ஹார்பர் கோர்ட்' என்ற கடற்கரை மாளிகையை வாங்கி, 1988இல் இரண்டாம் மனையாகத் திறந்தது. 2009 முதல் பல நாட்டுக் கழகங்களை அழைத்து, ஊதியம் பெறாத ஆர்வலர்களுக்கான போட்டியை நடத்துகிறது. அதில் எல்லா அணிகளும் ஒரே வடிவப் படகுகளில் ஓடுகின்றன. ஒருவருக்கு எதிராகப் படகுக் கூட்டத்தையே இறக்கிய கழகம், விருந்தினருக்கும் தனக்கும் ஒரே வகைப் படகு என்ற இடத்திற்கு வந்து சேர ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆயின.

கழகத்தின் அலமாரியில் கோப்பை இருந்த காலத்தைவிட, அதை இழந்த அந்த ஒரு நாளே போட்டியை உலகத்தார் அனைவருக்கும் உரியதாக்கியது. தோற்கவும் கூடும் என்ற நிலை இருந்தால்தான் வெற்றிக்கு மதிப்பு. மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுவே.