மணலின் சூட்டை அளந்தவர்

நேயர்களே! நம் ஊரின் பெயரிலேயே 'புலாவ்' இருக்கிறது. புலாவ் என்றால் மலாய் மொழியில் தீவு. ஆனால் புலாவ் செபாங்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரியாது. ரப்பர் மரமும் செம்பனையும் ரயில் தண்டவாளமும்தான் தெரியும். ஆயினும் நம் அலோர் காஜா மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு. மஸ்ஜித் தானாவைக் கடந்து சென்றால் பெங்காலான் பாலாக், பாடாங் கெமுந்திங் என்ற கரைகள் வரும். விடுமுறையில் நம் பிள்ளைகள் ஆடிக் குளிக்கும் அந்த மணலில்தான் இரவு நேரத்தில் அழுங்காமை ஏறி வந்து முட்டையிடுகிறது. அந்த ஆமைகளின் நாளைய கதி என்ன? இதை அறிய, கிழக்குக் கரையில் நடந்த ஒரு வரலாற்றை இன்று பார்ப்போம்.

திரெங்கானு மாநிலத்தில் டுங்குன் அருகே உள்ளது ரந்தாவ் அபாங். உலகிலேயே மிகப் பெரிய கடலாமை அங்கு முட்டையிட வந்தது. அதன் முதுகில் ஏழு வரிகள் உண்டு. பெலிம்பிங் பழத்தைப் போலிருப்பதால் மலாய்க்காரர்கள் அதைப் 'பெஞ்யு பெலிம்பிங்' என்பார்கள். தமிழில் ஏழுவரி ஆமை என்போம். 1956ஆம் ஆண்டில் அந்தக் கரையோரத்தில் 10,000க்கும் மேற்பட்ட முறை ஆமைகள் முட்டையிட்டன. முட்டைகளையோ மக்கள் ஏறக்குறைய முழுவதுமாகத் தோண்டி எடுத்துச் சந்தையில் விற்றார்கள். 1961இல் மீன்வளத் துறை முட்டைகளில் ஒரு பகுதியை வாங்கி, வேலியிட்ட மணற்பரப்பில் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடத் தொடங்கியது. நல்ல எண்ணம்தான். இருந்தும் ஆமைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தன. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் சான் எங் ஹெங் அம்மையார். இன்று மலேசியா திரெங்கானு பல்கலைக்கழகம் என வழங்கும் கல்விக்கூடத்தில் பணியாற்றியவர். லியூ ஹோக் சார்க் என்ற அறிஞருடன் சேர்ந்து ஆய்வு செய்தார்.

தோட்டத்தில் பெரட்டு எடுக்கும்போது முதலில் என்ன செய்வார்கள்? தலையை எண்ணுவார்கள். அம்மையாரும் கணக்கிலிருந்தே தொடங்கினார். 1980களில் மீனவர்களிடம் நேரில் விசாரித்து, எத்தனை ஆமைகள் வலையில் சிக்கி மடிகின்றன என்று ஆராய்ந்தார். மூச்சுவிட மேலே வர முடியாத ஆமை நீருக்குள்ளேயே இறந்துவிடும். 1956 முதல் 1995 வரையிலான வீழ்ச்சியை இருவரும் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார்கள்.

ஆமை வளர்ந்து முட்டையிடப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே இன்று முட்டை முழுவதையும் எடுத்துவிட்டாலும் உடனே குறை தெரியாது. முதிய ஆமைகள் வந்துகொண்டே இருக்கும். அவை மடியும்போதுதான், பின்னால் வர இளையவை இல்லை என்பது தெரியும்.

மற்றோர் உண்மை இன்னும் வியப்பானது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. ஏறக்குறைய 29 பாகைக்கு மேல் போனால் பெண் பெருகும். கீழே இறங்கினால் ஆண் பெருகும். வெயில் நேரே விழுந்த பொரிப்பிடத்தின் சூட்டை அவர்கள் அளந்தார்கள். அங்கே பொரித்த குஞ்சுகள் ஏறத்தாழ அனைத்தும் பெண்ணே என்று தெரிய வந்தது! ஆணில்லாமல் பெண் மட்டும் பெருகி என்ன பயன்? நாற்று மேடைக்குப் பந்தல் நிழல் எவ்வளவு தேவை என்பதை நாம் அறிவோம். ஆமை முட்டைக்கும் அப்படித்தான்.

ஆனால் இந்த விடை கிடைத்தபோது காலம் கடந்திருந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் ஏழுவரி ஆமையின் வருகை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது.

அம்மையார் சோர்ந்துவிடவில்லை. ரெடாங் தீவின் சாகார் ஹுத்தாங் கரையில், 1993 முதல், பச்சை ஆமையின் முட்டைகளைத் தோண்டாமல் தாய் இட்ட இடத்திலேயே காக்கும் முறையை அவர்கள் நிலைநாட்டினார்கள். 2001இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு அம்மையாருக்கு 'குளோபல் 500' விருதளித்தது. 2004 முதல் செத்தியு ஆற்றின் துந்தோங் ஆமைகளைக் காக்க முனைந்தார். 2011இல், தம் மாணவியாயிருந்த சென் பெல்ஃப் நியோக்குடன் மலேசிய ஆமைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 2022 ஜூனில் திரெங்கானு மாநிலம் எல்லாக் கடலாமை முட்டைகளின் விற்பனையையும் தடை செய்தது.

நேயர்களே, நல்ல மனம் மட்டும் போதாது. எண்ணிப் பார்க்கவும் அளந்து பார்க்கவும் வேண்டும் என்பதே இவ்வரலாறு சொல்லும் பாடம். ரந்தாவ் அபாங் இழந்ததை மலாக்கா இன்னும் இழக்கவில்லை. பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத் துறையின் பொரிப்பகம் இருக்கிறது. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுவோம். ஆமை முட்டையை யார் விற்றாலும் வாங்காதிருப்போம். இரவில் கரையில் தங்கினால் விளக்கைத் தணிப்போம். வெளிச்சத்தைக் கண்டால் குஞ்சுகள் கடலை விட்டுக் கரைப் பக்கம் நடந்து மடிந்துவிடும். கடல் தெரியாத ஊரில் வாழ்ந்தாலும், நம் மாவட்டத்துக் கடலுக்கு நாமும் காவலர்களே.