கிளினிக் கொப்பியைக் கைத்தொலைபேசிக்குக் காட்டுமுன்

விடியப்புறம் போய் இலக்கம் எடுத்து, மத்தியானம் வரை காத்திருந்தால் வைத்தியருக்கு முன்னால் இருக்கக் கிடைப்பது சில நிமிடங்கள். வெளியே வரும்போது கையில் ஆங்கிலத்தில் எழுதிய கிளினிக் கொப்பி. 2022 நவம்பரில் சட் ஜிபிரி வந்த பிறகு, அந்தக் கொப்பியைப் படமெடுத்துச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்பது எங்கள் பக்கத்திலும் வழக்கமாகிவிட்டது. கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அயலவர்களின் கொப்பிகளை வாசித்துச் சொல்பவன் என்றபடியால், எதற்கு இதை நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்று எழுதுகிறேன்.

அச்சடித்த குருதிப் பரிசோதனை அறிக்கையை அது பெரும்பாலும் சரியாக வாசிக்கும். கையெழுத்துத்தான் சிக்கல். எழுத்து விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லாமல், பொருத்தமாகத் தெரியும் ஒரு மருந்தின் பெயரைத் தானே போட்டுவிடக்கூடும். ஆகவே மருந்தின் பெயரையும் அளவையும் மருந்துப் பையில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். சந்தேகமென்றால் மருந்தாளரிடம் கேளுங்கள். வைத்தியர்களின் சுருக்கெழுத்தும் அப்படித்தான். "2/12" என்றால் இரண்டு மாதம், "2/52" என்றால் இரண்டு கிழமை, "3/7" என்றால் மூன்று நாள். இயந்திரம் "2/12" என்பதைத் திகதியாக எடுத்துக்கொள்ளலாம். "எஃப்.பி." என்பது உடலுக்குள் இருக்கும் அந்நியப் பொருள். எங்களில் பலருக்கு அது ஷெல் துண்டு, முகநூல் அல்ல.

அளவீட்டு அலகையும் கவனியுங்கள். சாப்பிடாமல் எடுத்த குருதிச் சீனி ஒரு அறிக்கையில் 126 என்றும் இன்னொன்றில் 7 என்றும் இருக்கலாம். முதலாவது டெசிலீற்றருக்கு மில்லிகிராம், மற்றது லீற்றருக்கு மில்லிமோல். இரண்டும் ஒரே அளவுதான். சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியற்றினினும் அப்படியே: 1 மில்லிகிராம் என்பது 88.4 மைக்ரோமோல். அறிக்கையின் ஓரத்தை வெட்டிவிட்டுப் படமெடுத்தால் அலகு போய்விடும், பதிலும் பிழைக்கும்.

எனக்குப் பெரிய பயம் ஷெல் துண்டுகளைப் பற்றியது. நீங்கள் சொல்லாத ஒன்றை இயந்திரம் அறியாது. 2009 இடப்பெயர்வில் பலருடைய வைத்தியப் பத்திரங்கள் தொலைந்துவிட்டன. எனவே காயம் பற்றிய செய்தி இன்றைய கொப்பியிலும் இல்லாமல் இருக்கலாம். நாரி நோவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொல்லக்கூடும். அந்த இயந்திரம் பலமான காந்தம். உடலுக்குள் இரும்புத் துண்டு இருந்தால் அது அசையலாம், சூடாகலாம். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய குருதிக் குழாய் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் ஆபத்து அதிகம். எக்ஸ்ரேக்கும் சி.ரி. ஸ்கானுக்கும் இந்தக் காந்தப் பிரச்சினை கிடையாது. துண்டு இருக்கிறதென்றால், அல்லது இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், ஸ்கான் அறையில் கேட்கும்வரை காத்திராமல் நீங்களாகவே சொல்லுங்கள்.

ஈயம் கலந்த துண்டுகள், அதிலும் மூட்டுக்குள் இருப்பவை, பல வருடங்களுக்குப் பிறகும் குருதியில் ஈயத்தைக் கூட்டலாம். களைப்பு, வயிற்று நோவு, குருதிச்சோகை என்று அது வெளிப்படும். எல்லாத் துண்டிலும் ஈயம் இல்லை, பயப்படவும் தேவையில்லை. ஆனால் குருதியில் ஈயத்தின் அளவைப் பார்க்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்கலாம்.

அடுத்தது எங்கள் பேச்சு. "நெஞ்சு பதறுது", "தலை விறைக்குது", "உடம்பெல்லாம் எரியுது" என்று நாங்கள் சொல்வதில் பாதி துக்கமும் இருக்கும். இயந்திரம் அதை இதய நோயாகவோ நரம்பு நோயாகவோ எடுத்துப் பயமுறுத்தும். அல்லது இரண்டு வரியிலேயே மனவடு என்று பெயர் வைத்துவிடும். இரண்டுமே நோய்நிர்ணயம் அல்ல. நித்திரை இல்லாமல், பழைய நினைவுகளால் அலைக்கழிபவர்கள் 1926 தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். திடீர் நெஞ்சு நோவு, ஒரு பக்கம் கை கால் இயங்காமை, பேச்சுக் குழறல் வந்தால் கைத்தொலைபேசியில் எதையும் தேடிக்கொண்டிராமல் 1990 இலவச நோயாளர் காவுவண்டியைக் கூப்பிடுங்கள்.

படம் அனுப்புமுன் பெயர், விலாசம், கிளினிக் இலக்கம், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றைக் கையால் மறையுங்கள். அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த வருடமும் நாளும் ஆணா பெண்ணா என்பதும் இருக்கின்றன. எங்கே, எந்தச் சம்பவத்தில் காயப்பட்டீர்கள் என்பதை எழுதவேண்டியதில்லை. காயத்தின் இடமும் வருடமும் போதும். நீங்கள் எழுதுபவை அந்த நிறுவனத்தின் கணினிகளில் சேமிக்கப்படுகின்றன. பயிற்சிக்குப் பயன்படுத்தவேண்டாம் என்று அமைப்புகளில் மாற்றலாம், ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு இந்த எச்சரிக்கை ஒரு படி கூடவே வேண்டும்.

நான் இதில் கண்ட ஆகப் பெரிய பயன் வேறு. உங்கள் வருத்தங்களைத் தமிழில் சொல்லி, கிளினிக்குக்குக் கொண்டுபோக ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழ் தெரியாத வைத்தியரிடம் போகும்போது அது கைகொடுக்கும். செய்த சத்திரசிகிச்சைகள், இப்போது போடும் மருந்துகள், ஒவ்வாத மருந்து, கேட்கவேண்டிய இரண்டு மூன்று கேள்விகள் அதில் இருக்கட்டும். ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை வாசிப்பித்துச் சரிபாருங்கள். ஷெல் துண்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே போடுங்கள்.